எண் காட்டிய வயல்



கடந்த ஓராண்டில் தாங்கள் சென்றுவந்த ஊர்களைச் சற்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு நிக்காஹ், ஒரு ஜனாஸா, மருத்துவமனையில் இருந்த உறவினரைப் பார்க்க ஒரு பயணம், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஒரு பயணம், பெருநாளைக்குத் துணி எடுக்கக் கும்பகோணம் வரை ஒரு பயணம். பட்டியல் அநேகமாக இவ்வளவில் முடிந்துவிடும். காரியம் இல்லாமல் நாம் எங்கும் போவதில்லை. போகும் வழியும் பழகிய வழியே.

எங்கள் கூத்தாநல்லூரில் கோலாலம்பூரின் தெருக்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் எந்தச் சந்தில் எந்தக் கடை இருந்தது என்பதும் அவர்களுக்குப் பாடம். ஆனால் நம் ஊருக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டரில் என்ன கிராமம் இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்ற நானும் அவர்களில் ஒருவனாகவே அறுபது வயதை எட்டினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வழக்கத்தை மாற்றியவன் என் தங்கை மகன். சென்னையில் கணினிப் பொறியியல் படிக்கும் அவன், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, “மாமா, நாளைக்கு நாம எங்க போறோம்னு இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் தெரியும். அமெரிக்காவுல பங்குச் சந்தை திறக்கணும்” என்றான். கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

பங்குச் சந்தை என்றதும் புருவத்தை உயர்த்த வேண்டாம். இதில் ஒரு காசு போடுவதும் இல்லை, எடுப்பதும் இல்லை. அந்தச் சந்தையின் எண் மட்டுமே தேவை.

ராண்டல் மன்றோ என்னும் அமெரிக்கர் ‘எக்ஸ்கேசிடி’ என்ற பெயரில் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றை வரைந்து வருகிறார். 2008ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் வெளியான 426ஆவது சித்திரத்தில் அவர் ஒரு கணக்குமுறையை வரைந்து காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் ஜியோஹேஷிங். விளையாட்டாக வந்த சித்திரத்தைச் சில நாட்களிலேயே பலரும் மெய்யாக எடுத்துக்கொண்டு, கணக்கு காட்டிய இடங்களை நோக்கிக் கிளம்பிவிட்டனர்.

அந்தக் கணக்கு இதுதான். அமெரிக்காவின் 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு ‘டௌ ஜோன்ஸ்’ என்னும் சராசரி கணக்கிடப்படுகிறது. காலையில் சந்தை திறக்கும்போது அது எந்த எண்ணில் தொடங்குகிறதோ அந்த எண்ணையும், தேதியையும் சேர்த்து ஒரே வரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வரியை எம்டி5 என்னும் கணினிமுறைக்குள் செலுத்தினால் 32 இலக்கங்கள் கொண்ட ஒரு கோவை வெளிவரும். ரொனால்டு ரிவெஸ்ட் என்னும் கணினி அறிஞர் 1991இல் வகுத்த முறை அது. உள்ளே செல்வதில் ஓர் இலக்கம் மாறினாலும் வெளிவருவது முற்றிலும் வேறாகிவிடும் என்பதே அதன் சிறப்பு. அந்தக் கோவையை நடுவே பிரித்து, இரு பாதிகளையும் தசமப் பின்னங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் பின்னத்தை நாம் வாழும் பகுதியின் அட்சரேகை எண்ணுக்குப் பின்னும், இரண்டாவதைத் தீர்க்கரேகை எண்ணுக்குப் பின்னும் ஒட்டினால் அன்றைய இடம் கிடைத்துவிடும்.

மன்றோ தமது சித்திரத்தில் 2005 மே 26ஆம் நாளை எடுத்துக்காட்டாகத் தந்தார். அன்றைய டௌ ஜோன்ஸ் எண் 10458.68. அதிலிருந்து பிறந்த பின்னங்கள் .857713, .544543 என்பன. சான்பிரான்சிஸ்கோ நகரம் இருக்கும் கட்டத்துக்கு அவர் இவற்றைப் பொருத்திக் காட்டினார். அதே பின்னங்களை நமது தஞ்சைப் பகுதிக்குப் பொருத்தினால் 10.857713, 79.544543 என்று வரும். அது எங்கே தெரியுமா? நமது குடவாசலுக்கும் நன்னிலத்துக்கும் இடையே! இதை நான் வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இதில் ருசி தட்டியது.

நியூயார்க்கில் காலை ஒன்பதரை மணிக்குச் சந்தை திறக்கும்போது நமக்கு இரவாகிவிடுகிறது. குளிர்காலத்தில் எட்டு மணி, கோடையில் ஏழு. அன்றைய எண் வருவதற்குள் நமது பகல் போய்விடும். ஆகவே அட்லாண்டிக் பெருங்கடலில் மேற்கு 30 பாகைக் கோட்டுக்குக் கிழக்கே உள்ள நாடுகள் யாவும் முதல்நாள் எண்ணையே பயன்படுத்த வேண்டும் என்று பின்னர் விதி செய்துகொண்டார்கள். சனிக்கிழமைக்குரிய இடம் நமக்கு வெள்ளி இரவே தெரிந்துவிடும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்தந்தக் கட்டத்து அன்பர்கள் அவ்விடத்தில் சந்திக்கலாம் என்பதும் தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம்.

இதில் நான் வியந்தது ஒன்று. நாளைய எண்ணை முன்கூட்டி அறிய எவராலும் இயலாது. பணக்காரரும் அதிகாரியும் அறிஞரும் சேர்ந்து முயன்றாலும் அந்த இடத்தைத் தம் விருப்பப்படி ஓர் அடி நகர்த்த முடியாது. எந்த மனிதரும் தேர்ந்தெடுக்காத ஓர் இடத்துக்கு நாம் போகிறோம்!

ஒரு பாகைக் கட்டம்

பூமிப்பந்தின் மீது அட்சரேகைகளும் தீர்க்கரேகைகளும் வெட்டிக்கொள்வதால் உண்டாகும் ஒரு பாகைக் கட்டமே இந்தப் பொழுதுபோக்கின் எல்லை. நமது கட்டம் வடக்கு 10 முதல் 11 பாகை வரை, கிழக்கு 79 முதல் 80 பாகை வரை. நீளமும் அகலமும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகூர், காரைக்கால், மன்னார்குடி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கோடியக்கரை அனைத்தும் இதனுள் அடக்கம். தெற்கும் கிழக்கும் கடல். எண் கடலில் விழுந்தால் நம்மவர்க்கு அன்று விடுமுறை. ஆயினும் பக்கத்துக் கட்டங்களிலும் அதே பின்னத்தில் ஓர் இடம் உண்டாதலால், நமக்கு மிக அருகில் உள்ள இடம் நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்கு மேல் இராது.

பாகை என்னும் இந்த அளவைக் கேட்டதும் எனக்குப் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. கி.பி. 830ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலீஃபா மஃமூன் தம் வானியலாளர்களைச் சிஞ்சார் சமவெளிக்கு அனுப்பினார். அவர்கள் வட துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை, முளையடித்துக் கயிறு பிடித்து, நேர் வடக்கிலும் நேர் தெற்கிலும் நடந்தே அளந்தார்கள். ஒரு பாகைக்கு 56 2/3 அரபு மைல் என்று கணக்கிட்டார்கள்.

நமது கட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்த அளவை ஒன்றும் உண்டு. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தென்னாட்டைக் கணக்கெடுக்கத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், 1808இல் தஞ்சைக்கு வந்தார். மேடு என்பதே இல்லாத, தென்னையும் பனையும் மறைக்கும் சமவெளியில் அவருக்குக் கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. அரை டன் எடையுள்ள அளவைக் கருவியைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. மனிதர் மனம் தளராமல் பல வாரங்கள் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் செப்பம் செய்தார்.

அன்று அரை டன் கருவி செய்த வேலையை இன்று சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி செய்கிறது. ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. அதன் பின்னர்தான் ஓர் இடத்தைச் சில மீட்டர்கள் வரை நெருங்குவது சாமானியர்க்கும் கைகூடியது.

பாலம் எங்கே?

மார்கழிக் கடைசி அது. இஷாத் தொழுகை முடிந்து வந்து பார்த்தோம். எண் நிலத்தில்தான் விழுந்திருந்தது. கொரடாச்சேரியைத் தாண்டி வடக்கே ஒரு கிராமம்; நேர்கோட்டில் பதினேழு கிலோமீட்டர். அந்த ஊரின் பெயரை மட்டும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர், வீட்டிலிருந்து மிதிவண்டியிலேயே போய் மிதிவண்டியிலேயே திரும்புவதைத் தனிப் பெருமையாகக் கொள்கின்றனர். ஜெர்மனியில் இவ்வாறு செல்வோர் பலர் உண்டு என்றான் மருமகன். நமது டெல்டாவைவிட மிதிவண்டிக்கு ஏற்ற தரை எங்கே இருக்கிறது? என்னிடம் என் உத்தியோகக் காலத்து 22 அங்குல வண்டி இருந்தது. அவன் நண்பனிடம் கியர் வண்டி ஒன்று இரவல் வாங்கினான். சுபுஹுத் தொழுகைக்குப் பின், இருள் பிரிந்ததும் கிளம்பினோம். பனி மூடிய சாலையில் முன்னே செல்பவன் முதுகு தெரியவில்லை. மணியோசையைக் கொண்டே அவன் இருக்கும் இடத்தை அறிந்தேன்.

கொரடாச்சேரியில் தண்டவாளத்தைக் கடந்து தேநீர் அருந்தியபோது வெயில் வந்துவிட்டது. அதன் பிறகுதான் டெல்டா தன் பாடத்தை எங்களுக்கு நடத்தியது. காவிரியும் வெண்ணாறும் கிளைத்துக் கிளைத்து, ஆறு, வாய்க்கால், கன்னி என்று விரல்விரலாகப் பிரிந்த மண் இது. கைப்பேசி ‘இன்னும் 800 மீட்டர்’ என்று காட்டியது. எதிரே ஓர் ஆறு! இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரை வயல் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. பாலமோ வந்த வழியே திரும்பிப் போனால்தான் உண்டு. கரையில் மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவரிடம் அந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டோம். “தூரத்தைக் கேட்டு என்ன பண்றது? பாலத்தைக் கேளுங்க” என்றார். முப்பது ஆண்டுகள் பூகோளம் நடத்திய எனக்கு இதைச் சொல்லித்தர ஒருவர் அன்றுதான் வாய்த்தார். 800 மீட்டர், ஐந்து கிலோமீட்டராக நீண்டது.

முப்பத்தொரு மீட்டர்

தார்ச்சாலை மண்சாலையாகி, மண்சாலை வரப்பாகியது. வண்டிகளைப் பூவரச மரத்தில் சாய்த்துவிட்டு நடந்தோம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே முன்னே சென்ற மருமகன் ஓரிடத்தில் நின்றான். இனி வரப்பு இல்லை. இடம் வயலின் நடுவே இருக்கிறது. முப்பத்தொரு மீட்டர். இடையே அறுவடைக்குக் காத்திருக்கும் சம்பா, கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது.

“யாரு பாய் நீங்க? என்ன அளக்கிறீங்க?”

திரும்பிப் பார்த்தோம். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் அரிவாளும் கையுமாக நிமிர்ந்து நின்றார். எழுபது வயதிருக்கும். குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுதியாக இருந்தது. “குழா பதிக்கிறவங்களா? முன்னே ஒருநா இப்படித்தான் ரெண்டு பேரு போனைப் பாத்துகிட்டே வந்தாங்க. எங்க வயலு வேணாம் சாமி.”

வாசகர்களே, அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைத் தஞ்சை, திருவாரூர் வட்டாரத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 2010ஐ ஒட்டி எழுந்த மீத்தேன் திட்டப் பேச்சிலிருந்து, வயலில் கருவியோடு நிற்கும் அந்நியரைக் கண்டாலே இப்பகுதி உழவர் நெஞ்சு படபடக்கும். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்த பின்னரும் பட்ட மனம் எளிதில் ஆறுவதில்லை. நாங்கள் விளையாட்டாக வந்தோம். அவருக்கோ அது வாழ்வு. ஒரு கணம் நான் குறுகிப்போனேன்.

“அளக்கல அம்மா. நான் கூத்தாநல்லூரு. ஓய்வான பள்ளிக்கூட வாத்தியார். இது என் தங்கச்சி மகன்” என்று சொல்லி, எப்படி விளக்குவது என்று திகைத்தேன். டௌ ஜோன்ஸையும் எம்டி5ஐயும் எங்கே போய்ச் சொல்வது? “உலகம் பூரா சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாங்கன்னு வைங்க. இன்னிக்கு உங்க வயலுக்கு விழுந்துச்சு. அதைப் பாக்க வந்தோம்” என்றேன்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “சீட்டு விழுந்தா பணம் வரணுமே?”

“இதுல பணம் கிடையாதும்மா.”

“அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வண்டி மிதிச்சீங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் மூச்சு திரும்பியது. அரிவாளைக் கீழே வைத்தார். “பொன்மணி நெல்லு பாய். தை பொறந்து பத்து நாள்ல அறுப்பு. சரி, நாப்பது எட்டுதானே. போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார்.

மருமகன் கால்சட்டையை மடிக்கத் தொடங்கினான். நான் அந்த அம்மையாரின் முகத்தைப் பார்த்தேன். வாய் ‘போங்க’ என்றது. கண்ணோ கதிரை விட்டு அகலவில்லை. முற்றிய நெல் தொட்டாலே உதிரும். வீட்டுக்கு வந்தவரை மறுக்கக் கூடாதே என்பதற்காகக் கொடுத்த அனுமதி அது. “வேணாம், வா” என்று அவன் கையைப் பிடித்தேன்.

அவனுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. “மாமா, ஜி.பி.எஸ். பிழையே பத்து மீட்டர் இருக்கும். மிச்சம் இருபது மீட்டர்தான். போய்ச் சேர்ந்ததாவே எழுதிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?” என்றான். உண்மையைச் சொல்கிறேன்: காலையிலிருந்து மிதித்து முழங்கால் கடுத்த எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் எவரும் கண்காணிக்காத கணக்கில்தானே மனிதனின் நாணயம் தெரியும்? பிறர் நிலத்தில் நிற்கும் கதிர் நமக்கு அமானிதம். நாம் எழுதும் வரியும் அவ்வாறே. இந்தப் பொழுதுபோக்கில் போய்ச் சேராத பயணத்தையும் காரணத்தோடு பதிவு செய்யும் நல்ல வழக்கம் இருக்கிறது. ‘சேரவில்லை. 31 மீட்டர். அறுவடைக்கு நிற்கும் பயிர்’ என்று எழுதச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எழுதினான்.

அம்மையார் வீட்டிலிருந்து செம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். “அறுப்பு முடிஞ்சு வாங்க, நடுவுல போயி நின்னு பாருங்க” என்றார். “இன்னிக்கு ராத்திரியோட இந்த எண் செல்லாது பாட்டி. அப்புறம் வந்தா கணக்குல வராது” என்றான் மருமகன்.

“கணக்குல வராட்டி என்ன தம்பி? இடம் எங்க போயிடப் போவுது?” என்றார் அவர்.

முயல விரும்புவோர்க்கு

இதனைப் படித்துத் தாங்களும் கிளம்ப எண்ணினால் சில சொற்கள். தனியே போகாதீர்கள், போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீரும் காற்றடிக்கும் பம்பும் உடன் இருக்கட்டும். தூரத்தைப் பார்க்குமுன் பாலத்தைப் பாருங்கள். எண் ஒருவர் வீட்டுக் கொல்லையிலோ, வேலி போட்ட நிலத்திலோ விழுந்தால் கேட்காமல் நுழையாதீர்கள். கேட்டுக் கிடைத்த அனுமதியிலும் மனம் கலந்திருக்கிறதா என்று முகத்தைப் பாருங்கள். அங்கே எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். எதையும் எடுத்தும் வராதீர்கள். பிறர் நிலத்தின் அடையாளத்தை ஊரறியச் செய்ய வேண்டியதுமில்லை. அந்தக் கிராமத்தின் பெயரை நான் மறைத்த காரணம் இதுவே.

மீண்டும் ஒருமுறை

மாசி மாதத்தில் மருமகன் மறுபடியும் ஊர் வந்தபோது, “மாமா, அந்த வயலுக்குப் போவோமா?” என்று அவனாகவே கேட்டான். இம்முறை பாலம் எங்கே என்று எங்களுக்குத் தெரியும்.

அறுவடை முடிந்திருந்தது. ஆனால் வயல் வெறுமையாக இல்லை. அரிதாளுக்கிடையே உளுந்து முளைத்து இரண்டு விரற்கடை உயரம் நின்றது. ஈரம் காயுமுன் உளுந்து தெளித்துவிடுவது இப்பகுதி வழக்கம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மறுபடியும் வரப்பிலேயே நிற்க வேண்டியதுதான் என்று எண்ணியபோது, “சீட்டு விழுந்த பாய் வந்திருக்காரு!” என்று குரல் கேட்டது. அந்த அம்மையார்தான். எங்களுக்கு முன்னே வயலில் இறங்கினார். “என் காலடியிலயே கால வெச்சு வாங்க” என்று சொல்லி, செடி இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து நடந்தார். நாற்பது எட்டு. மருமகன் “இதுதான்” என்றான்.

அங்கே ஒன்றும் இல்லை. அரிதாள், உளுந்து, ஈர மண், நாற்புறமும் வானம். மூவரும் சற்று நேரம் நின்றோம். அன்றைய பயணத்தை அவன் எங்கும் பதிவு செய்யவில்லை. நானும் செய்யச் சொல்லவில்லை.

“இன்னிக்குச் சீட்டு யாருக்கு விழுந்துச்சு?” என்று கேட்டார் அம்மையார். மருமகன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்து, “கோடியக்கரைக்குக் கிழக்க, நடுக்கடல்ல பாட்டி” என்றான்.

“அடப்பாவமே! அங்க போறவங்களுக்கு மோர் குடுக்க ஆள் இருக்காதே” என்று கவலைப்பட்டார் அவர்.